பட்டதும் அறிந்ததும்

மதுரையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் தொழில். சென்ற ஆனி மாதம் பணி ஓய்வு மலர் ஒன்று கைக்கு வந்தது. ஏழாம் பக்கத்தில் ஒருவர், ஓய்வு பெறுகிறவரை “35 ஆண்டுகால அனுபவம் உடையவர்” என்று எழுதியிருந்தார். எட்டாம் பக்கத்தில், தமிழ்ப் பற்று மிகுந்த இன்னொருவர் “35 ஆண்டுகாலப் பட்டறிவு உடையவர்” என்று எழுதியிருந்தார். மலர்க் குழுவினர் இரண்டையும் ஒரே சொல்லாக மாற்றச் சொன்னார்கள். அனுபவம் என்றாலும் பட்டறிவு என்றாலும் ஒன்றுதானே என்பது அவர்கள் எண்ணம். எனக்கு அப்படிப் படவில்லை.

“படவில்லை” என்று சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். தேடிக்கொண்டிருந்த சொல்லின் முதல் பாதியை என் வாயே சொல்லிவிட்டிருந்தது.

படு என்ற வினையைப் போல் தமிழில் இவ்வளவு வேலை செய்கிற வினை வேறு இருக்கிறதா என்பது ஐயம். வெயில் படுகிறது, காற்றுப் படுகிறது, கண் படுகிறது. அடிபடுகிறோம், கடன்படுகிறோம், அல்லல்படுகிறோம். வலையில் மீன் படுகிறது. கடற்கரைக்காரர்கள் அன்றைய வரத்தை மீன்பாடு என்கிறார்கள். மரம் பட்டுப்போகிறது. வடக்கே செங்கம் பகுதி நடுகற்களில், கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கப் போய் இறந்த வீரனைப் பற்றி “தொறு மீட்டுப் பட்டான்” என்று வெட்டியிருக்கிறார்கள். அங்கே பட்டான் என்றால் செத்தான். சூரியன் மறைவதும் படுதல்தான். எல் என்றால் சூரியன். எல் படும் பொழுது எற்பாடு. நெய்தல் திணைக்குத் தொல்காப்பியம் ஒதுக்கும் சிறுபொழுது அது.

இத்தனை பொருளுக்கும் அடியில் ஒரே அசைவு இருக்கிறது: ஒன்று வந்து இன்னொன்றின் மேல் விழுகிறது. நாயக்கர் காலத்தில் மதுரைப் பக்கம் குடியேறிய தெலுங்குக் குடும்பங்கள் இன்றும் வீட்டில் தெலுங்கு பேசுகின்றன. அந்த மொழியில் ‘படு’ என்றால் முதற்பொருளே விழுதல். தமிழில் அந்த வேலையை ‘விழு’ எடுத்துக்கொண்டது. விழுந்ததைத் தாங்குகிற பக்கத்தைப் ‘படு’ வைத்துக்கொண்டது.

தாங்குகிற பக்கம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வினை வந்த இடத்தில் நம் விருப்பத்துக்கு வேலை இல்லை. பார்த்தேன் என்றால் நான் பார்க்கப் போனேன். கண்ணில் பட்டது என்றால் அது தானாக வந்தது. கேட்டேன் என்றால் காது கொடுத்தேன். கேள்விப்பட்டேன் என்றால் செய்தி என்னைத் தேடி வந்து விழுந்தது. கோபப்பட்டேன், வெட்கப்பட்டேன், ஆசைப்பட்டேன் என்று மனத்தில் எழுவதையெல்லாம் மேலே வந்து விழுந்தவையாகவே தமிழ் பேசுகிறது. செயப்பாட்டு வினைக்கும் இந்தப் ‘படு’தான் துணைவினை: அடிக்கப்பட்டான், விற்கப்பட்டது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது ‘அறி’. எனக்குத் தெரியும், எனக்குப் புரிந்தது, எனக்கு நினைவு வந்தது என்று நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நின்று பேசுகிற நாம், அறிந்தேன் என்னும்போது மட்டும் எழுவாயாக முன்னே வருகிறோம். தெரிவது நமக்கு நேர்கிறது. அறிவதை நாம் செய்கிறோம்.

பட்டறிவு என்ற சொல்லில் இந்த இரண்டு வினையும் ஒட்டியிருக்கின்றன. பட்டு, அறிதல். முதல் பாதி நமக்கு நேர்ந்தது, இரண்டாம் பாதி நாம் செய்ய வேண்டியது. முதலாவது வந்துவிட்டால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று எந்த உறுதியும் கிடையாது. “பட்டும் புத்தி வரவில்லையே” என்று எங்கள் தெருவில் வாரத்துக்கு ஒரு முறையாவது யாரோ யாரையோ திட்டுவது கேட்கிறது. பழமொழி ஒன்றும் இதைப் பச்சையாகச் சொல்கிறது: பட்டறி, கெட்டறி, பத்தெட்டு இறுத்தறி. இறுத்தல் என்றால் கொடுத்துத் தீர்த்தல். பட்டு அறிந்துகொள், கெட்டு அறிந்துகொள், பத்தோ எட்டோ கைக்காசைக் கட்டி அறிந்துகொள் என்கிறது. மூன்று முறையும் ‘அறி’ ஏவலாக நிற்பதைக் கவனியுங்கள். படுவதற்கு யாரும் ஆணையிட வேண்டியதில்லை. அது எப்படியும் வந்துவிடும்.

மெய்ப்புத் தாளை மூடி வைத்துவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமை விளாச்சேரிக்குப் போனேன். திருப்பரங்குன்றத்துக்கு அருகில் இருக்கிற ஊர். பரிதிமாற் கலைஞர் 1870-ல் பிறந்த ஊர் அது. அவர் வீடு இப்போது நினைவு இல்லம். பெற்றோர் வைத்த பெயர் சூரியநாராயண சாஸ்திரி. சூரியனைப் பரிதியாக்கி, நாராயணனை மாலாக்கி, சாஸ்திரியைக் கலைஞராக்கிக்கொண்டார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர், 1903-ல் 33 வயதில் போய்விட்டார். வடசொல்லுக்குத் தமிழ்ச்சொல் தேடும் என் வேலைக்கு அவர் வீட்டு வாசலில் நின்று யோசிப்பது பொருத்தம் என்று நினைத்தேன். கொஞ்சம் நாடகத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் விளாச்சேரிக்கு இன்னொரு பெயரும் உண்டு. கொலு பொம்மையும் விநாயகர் சிலையும் செய்கிற மண்பாண்டக் கலைஞர்களின் ஊர் அது. நினைவு இல்லத்திலிருந்து திரும்பி நடக்கும்போது ஒரு தகரக் கொட்டகை கண்ணில் பட்டது. வரிசையாகச் செட்டியார் பொம்மைகள், சுடாத மண் நிறத்தில், கண் வரையாமல் உட்கார்ந்திருந்தன. எழுபதைத் தொட்ட ஓர் அம்மா தரையில் அமர்ந்து களிமண்ணைத் திரித்துக்கொண்டிருந்தார். சுண்டுவிரல் பருமனுக்குத் திரித்து, வளையல் போல வளைத்துப் பார்ப்பார். வளைவின் முதுகில் கீறல் விட்டால் அந்த மண் ஒரு பக்கம் போகும், விடாவிட்டால் இன்னொரு பக்கம். பேச்சுக் கொடுத்தேன். சூளைக்குப் போகிற பொம்மை காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

அவர் சொல்லவில்லை. சாண் உயரப் பிள்ளையார் இரண்டை எடுத்து என் முன் வைத்தார். “எது காய்ந்தது, சொல்லுங்கள் தம்பி.”

ஒன்று வெளிறிச் சாம்பல் நிறத்தில் இருந்தது. மற்றொன்று கொஞ்சம் கறுப்பு. வெளிறியதைக் காட்டினேன். அவர் அதைக் கவிழ்த்து, அடிப்பாகத்தை என் கன்னத்தில் வைத்தார். மண்பானையின் புறத்தைத் தொட்டது போல் சில்லென்று இருந்தது. அடுத்து மற்றதை வைத்தார். வெறும் சுவரைத் தொட்டது போல் இருந்தது.

“முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். ஈரம் உட்காருகிற இடத்தில்தான் இருக்கும்.”

முகமும் காதும் மெல்லிசு. ஆடிக் காற்றில் ஒரு நாளில் வெளிறிவிடும். உட்காருகிற அடிப்பாகம் தடிமன். உள்ளே ஈரத்தைப் பதுக்கிக்கொண்டிருக்கும். இரண்டாவது பிள்ளையாருக்கு வந்த மண்ணே கறுப்பு மண்; அதன் நிறத்துக்கும் ஈரத்துக்கும் தொடர்பில்லை. கன்னம் எதை உணர்கிறது என்பதற்கு இயற்பியல் விளக்கம் இருக்கிறது: ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகிறது, அதனால் ஈர மண் சூழலைவிடக் குளிர்ந்திருக்கிறது. வானிலை நிலையங்களில் வெப்பமானியின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி வைப்பது இதே கணக்கில்தான். ஈரத்தோடு சூளைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் எண் இருக்கிறது: நீர் கொதித்து ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். மண் அந்த இடத்தைக் கொடுக்காது. பொம்மை வெடிக்கும், பக்கத்தில் இருப்பதையும் உடைக்கும்.

“யார் சொல்லிக் கொடுத்தார்கள்?” என்று கேட்டேன்.

“யாரும் சொல்லவில்லை. நாலு சூளை வெடித்தால் தானாகத் தெரிகிறது.”

பட்டறிவு என்று ஒரு சொல் இருக்கிறதே, கேட்டிருக்கிறீர்களா என்றேன். இல்லை என்று தலையசைத்தார். இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றதற்கு, “பழக்கம்தான்” என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏட்டில் இல்லாத அறிவைக் குறிக்கிற சொல், ஏட்டில் மட்டும் இருக்கிறது. மண் பிசைகிறவர், பூப் பறிக்கிறவர், லாரி ஓட்டுகிறவர் யாரும் பட்டறிவு என்று பேசிக் கேட்டதில்லை. பட்டால்தான் தெரியும் என்பார்கள், பட்டுத் தெளிந்தவர் என்பார்கள், படாத பாடு பட்டேன் என்பார்கள். வினை ஊரெல்லாம் நடமாடுகிறது. பெயர்ச்சொல் மேடையிலும் மலரிலும் மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

பழக்கம் என்று அந்த அம்மா சொன்னதும் லேசான சொல் இல்லை. சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்ற ஔவையார் தனிப்பாடலை நாம் பள்ளியிலேயே நெட்டுருப் போட்டோம். அடுத்த அடியில் “வைத்ததொரு கல்வி மனப்பழக்கம்” என்று வருவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறோம். கை, நா, மனம் மூன்றையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தவர், கல்விக்குத் தனி மேடை போடவில்லை.

இனி, சொல்லின் பழைய உறவினர்களைப் பார்க்கலாம். தொல்காப்பிய மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பிரிக்கும் இடம் பலருக்கும் தெரிந்தது. அது தொடங்கும் விதம் இது: “ஒன்றறி வதுவே உற்றறி வதுவே.” புல்லுக்கும் மரத்துக்கும் இருக்கிற ஓரறிவு, உற்று அறிதல். உறு என்றால் பொருந்து, தொடு. பின்னால் நா வருகிறது, மூக்கு வருகிறது, கண், செவி, கடைசியில் மனம். திருக்குறளும் ஐம்புலனை “கண்டுகேட்டு உண்டுயிர்த்து உற்றறியும்” என்று அடுக்குகிறது. உற்றறிவு, பட்டறிவு இரண்டின் அச்சும் ஒன்றே: தொடுகிற வினை ஒன்று எச்சமாக முன்னே நிற்க, அறிவு பின்னே வருகிறது. அறிவுக் கணக்கைத் தொடுகையிலிருந்து தொடங்கிய மொழி, வாழ்க்கை கற்றுத் தருகிற அறிவுக்கும் தொடுகைச் சொல்லையே எடுத்தது வியப்பில்லை. விளாச்சேரியில் அந்த அம்மா பொம்மையைக் கன்னத்தில் வைத்தபோது உற்றறிவும் பட்டறிவும் ஒன்றாகவே நடந்தன.

இன்னொரு உறவுச் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. படு என்பதன் முதலெழுத்து நீண்டால் பாடு. கெடு கேடாவது போல, சுடு சூடாவது போல. பாடு என்ற சொல்லுக்கு அனுபவித்தது, உழைப்பு, நிலைமை, பெருமை எனப் பல கிளைகள். “உன் பாடு தேவலை”, “அவரவர் பாடு அவரவர்க்கு” என்று இன்றும் பேசுகிறோம். குறள் 995 இப்படி முடிகிறது: “பகையுள்ளும் பண்புள பாடறிவார் மாட்டு.” பாடறிவார் என்பதற்குப் பிறர் இயல்பை அறிந்து நடப்பவர் என்று உரை சொல்வார்கள். கலித்தொகையும் பண்பு என்பதே பாடறிந்து ஒழுகுதல் என்கிறது. உரைகளை மறுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் எழுத்துக் கூட்டிப் பழகிய கண்ணுக்குப் பட்டறிவும் பாடறிவும் ஒரு வீட்டுப் பிள்ளைகளாகத் தெரிகின்றன. ஒன்று நாம் பட்டதை அறிவது. மற்றது அடுத்தவர் பாட்டை அறிவது.

வள்ளுவர் பட்டறிவு என்ற சொல்லை ஆளவில்லை, விஷயத்தை ஆண்டிருக்கிறார். அமைச்சு அதிகாரத்தில், நூல்வழிச் செயல்முறை தெரிந்திருந்தாலும் உலக இயற்கையை அறிந்து செய் என்கிறார்: “செயற்கை அறிந்தக் கடைத்தும் உலகத்து இயற்கை அறிந்து செயல்.” அதைவிடக் கூர்மையானது 677-ஆம் குறள்: “செய்வினை செய்வான் செயன்முறை அவ்வினை உள்ளறிவான் உள்ளம் கொளல்.” ஒரு வேலையைச் செய்யப் புகுகிறவன் முதலில் செய்ய வேண்டியது, அந்த வேலையின் உள் அறிந்தவனுடைய உள்ளத்தைப் பெறுவது. அவன் சொல்லைக் கேள் என்று எழுதவில்லை. உள்ளம் கொள் என்கிறார். உள்ளறிவான் சொல்ல முடிவதைவிடக் கூடுதலாக அவனுக்குத் தெரியும் என்பதை அறிந்துதான் அந்தச் சொல்லைப் போட்டிருக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் மைக்கேல் பொலானி என்ற வேதியியலாளர், பின்னாளில் தத்துவத்துக்கு வந்து, நாம் சொல்லக்கூடியதைவிட அதிகம் அறிந்திருக்கிறோம் என்று எழுதி அதற்கு ஒரு கோட்பாடே அமைத்தார்.

அனுபவத்துக்கு வருவோம். வடமொழியில் அனு என்பது பின்தொடர்தல், பவ என்பது ஆதல். ஒன்று நிகழும்போது அதனோடு கூடவே நிகழ்வது என்று விரித்துக்கொள்ளலாம். விழுவதோ அடிபடுவதோ இதில் இல்லை. இதே வேரில் வந்த அனுபூதி என்ற சொல்லை 15-ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் முருகன் மேல் பாடிய நூலுக்குத் தலைப்பாக்கினார். இறைவனை நேரே உணர்வது என்ற பொருளில். “சும்மா இரு சொல்லற” என்ற வரி அதில்தான் வருகிறது. திருப்பரங்குன்றத்து மலையடிவாரத்தில் அதை ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். சொல் அற இரு என்பதை இவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டுமா என்று நினைத்துக்கொள்வேன்.

மண்ணுக்கு வந்தால் அனுபவம் வேறு வேலை பார்க்கிறது. கிரயப் பத்திரம் படித்தவர்களுக்குத் தெரியும்: “தாங்களே ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது” என்று இருக்கும். அங்கே அனுபவம் என்றால் கையில் வைத்திருந்து பலன் எடுப்பது. அனுபவ பாத்தியம் என்றும் ஒன்று உண்டு. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தனியார் நிலத்தை உரிமையாளருக்கு எதிராக வெளிப்படையாகவும் தொடர்ச்சியாகவும் 12 ஆண்டு அனுபவித்தவர்மேல் அதற்குப் பின் வழக்குப் போட்டு மீட்க முடியாது. அரசு நிலமென்றால் 30 ஆண்டு. அனுபவத்தை ஆண்டுக் கணக்கில் அளக்கிற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்றால், இந்த நிலக் கணக்கும் ஒரு காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நாற்காலியையும் 35 ஆண்டு ஆண்டு அனுபவிக்கலாம் அல்லவா.

பிற மொழிகளும் இந்த அறிவுக்கு ஆளுக்கொரு வழியில் பெயர் வைத்திருக்கின்றன. ஆங்கிலேயர் வழங்கும் எக்ஸ்பீரியன்ஸ் இலத்தீனத்தில் முயன்று பார்த்தல் என்ற வினையிலிருந்து வந்தது. ஆபத்தைக் குறிக்கும் பெரிலும் அதே வேர். ஜெர்மானியர் எர்ஃபாருங் என்பார்கள், உள்ளே இருப்பது பயணம் போதல். முயற்சி, பயணம் என்று அவர்கள் இருவரும் கிளம்பிப் போகிறார்கள். தமிழன் இருந்த இடத்தில் இருக்கிறான், அது வந்து படுகிறது. இதிலிருந்து தமிழர் சோம்பேறிகள் என்று யாராவது கட்டுரை எழுதிவிடப் போகிறார்கள். ‘அறி’ என்ற மறுபாதியை மறந்துவிட வேண்டாம்.

அனுபவம் என்ற இடத்தில் பட்டறிவு என்று எழுதும் வழக்கம், மறைமலையடிகள் 1916-ல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் வழியில் வந்த எழுத்தாளர்களால் பெருகியது. சொல்லின் வேர் பார்ப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட தேவநேயப் பாவாணர், 1981 ஜனவரியில் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்து பேசினார். உடல்நலம் குன்றி இந்த ஊரிலேயே காலமானார். தனித்தமிழ்க்காரர்கள் ஆக்கிய சொற்களில் பல வெறும் மாற்றுச் சொற்கள். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்தால் வாக்கியம் அசையாது. பட்டறிவு அப்படியல்ல. மக்கள் வாயில் இருந்த ‘பட்டறி’யை எடுத்துப் பெயராக்கி நிறுத்தியதால், அனுபவத்தில் இல்லாத ஒரு நிபந்தனை அதில் ஏறிவிட்டது. இன்பமான அனுபவம் என்று சொல்ல முடிகிறது. இன்பமான பட்டறிவு என்று எழுதினால் என் கை தானாகச் சுழித்துவிடும்.

கைத்தொழில்காரர்கள் இந்தப் பெயர்ச்சொல் இல்லாமலே எப்படிச் சமாளித்தார்கள்? தேவை இருக்கவில்லை என்பதுதான் விடை. அவர்களிடம் பொதுப்பெயருக்குப் பதிலாகத் தனிப்பெயர்கள் இருந்தன. பாகு காய்ச்சுகிறவரிடம் கம்பிப் பதம் இருக்கிறது: இரு விரலுக்கு நடுவே தொட்டு இழுத்தால் கம்பி போல் நீளும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டினால் உருள்வது வேறு பதம். அதிரசத்துக்கு அது வேண்டும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு மல்லிகை அனுப்புகிற தோட்டங்களில், விடியும் முன் பறிக்கிறவர்கள் இன்று மாலை விரியப்போகிற மொட்டை மட்டும் கிள்ளுகிறார்கள். பச்சை மாறாத மொட்டு செடியிலேயே இருக்கும். 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது; அந்தக் கிள்ளலுக்கு எந்தக் குறியீடும் இல்லை.

கண்மாய் நாட்டில் இதைவிடப் பெரிய அறிவு ஒன்று இருந்தது. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்து ஊர்களில் நீர்ப்பாய்ச்சி என்றும் மடைக்குடும்பன் என்றும் ஓர் ஆள் உண்டு. கண்மாய்த் தண்ணீரை வயல்வயலாகப் பிரித்துப் பாய்ச்சுவது அவர் பொறுப்பு. கூலி, அறுவடைக் களத்தில் நெல்லாக வரும். தண்ணீர் நிறைந்த ஆண்டில் அவரை யாரும் கவனிப்பதில்லை; குறைந்த ஆண்டில்தான் அவர் அறிவு தெரியும். எந்த வயல் மணற்பாங்கு, எது இன்னும் இரண்டு நாள் தாங்கும், கடைமடைக்கு எட்ட மதகை எத்தனை நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கால்களுக்குத் தெரியும். வரப்பில் நடக்கும்போது மண் எப்படி அமுங்குகிறது என்பதை வைத்தே முடிவு செய்வார்கள். ஆழ்துளைக் கிணறு வந்தபின் ஆளுக்கொரு தண்ணீர் ஆகிவிட்டது. பொதுத் தண்ணீர் இல்லாத ஊரில் பங்கிட்டுத் தருகிறவருக்கு என்ன வேலை? பல ஊர்களில் அந்தப் பொறுப்பை அடுத்த தலைமுறை எடுக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சண்டை. மடை திறக்க உயிரைப் பணயம் வைத்து முங்கியவரின் பெயர்தான் மடையன் என்ற வசவாகிவிட்டது என்று சொற்பொழிவுகளில் கேட்கலாம். உருக்கமான கதை. எனக்கு ஏற்பு இல்லை. மடம் என்றாலே பழந்தமிழில் அறியாமை. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்ற வரிசையில் இருப்பது அதுதான். மடமை உடையவன் மடையன் என்பதற்கு மடையைத் திறக்க வேண்டியதில்லை. நீர்ப்பாய்ச்சியின் பெருமையை நிறுவப் பொய்யான சொற்பிறப்பு தேவைப்படுகிறது என்பதே அவருக்குச் செய்யும் அவமரியாதை.

பட்டறிவைப் புகழும் கட்டுரைகள் சொல்லாமல் விடுகிற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மண்ணின் பதமும் தண்ணீரின் போக்கும் யாருக்குத் தெரிய வேண்டும், ஏடு யாருக்குத் தெரிய வேண்டும் என்பதை இந்த நாட்டில் பிறப்பு முடிவு செய்து வைத்திருந்தது. சூளைக்காரர் பிள்ளைக்குப் படுவது பங்காக வந்தது, படிப்பது பங்காக வரவில்லை. ஆகவே, “அவர்களுக்கு ஏட்டுக் கல்வி எதற்கு, பட்டறிவே போதும்” என்று ஏடு படித்த ஒருவர் மேடையில் பேசும்போது எனக்கு உடம்பு கூசும். விருதுநகர்க்காரரான காமராசரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. பள்ளியைப் பாதியில் விட்டவர், பட்டறிவின் உருவம் என்று இன்றுவரை எல்லாக் கட்சியினரும் புகழ்கிறார்கள். அவர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்து செய்தது என்ன? ஊர் ஊராகப் பள்ளி திறந்தார், மதிய உணவு போட்டார். பட்டறிவு போதும் என்று அவர் எந்தப் பிள்ளையையும் ஆடு மேய்க்க அனுப்பவில்லை.

அதுபோல, பட்டதெல்லாம் சரியாகவே அறியப்படும் என்றும் சொல்வதற்கில்லை. ஒரு முறை பட்டவன் தன் ஒரு முறையை உலக விதி என்று நினைத்துவிடுவான். நானே சாட்சி. தொழிலுக்கு வந்த புதிதில் ஒற்றுப் பிழை ஒன்றைத் திருத்தி, அது பிழையே அல்ல என்று ஒரு தமிழாசிரியரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதன்பின் பத்தாண்டு அந்த இடத்தில் எந்த ஒற்றையும் தொடவில்லை. உண்மையான பிழையையும் விட்டுவிட்டேன். பட்டேன், ஆனால் அறிந்தது தவறு. இலக்கண நூலைத் திறந்து விதியைப் படித்த பிறகுதான் பட்டது என்ன என்பதே விளங்கியது.

கீழடியில் கிடைத்த பானை ஓடுகளைப் பார்க்கும்போதும் இதுதான் மனத்தில் ஓடுகிறது. மதுரைக்குத் தென்கிழக்கே வைகைக் கரையில், 2014-க்குப் பின் நடந்த அகழாய்வுகளில் வந்தவை. கறுப்பு சிவப்புப் பானைகள் இருக்கின்றன: உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. பானையைக் கவிழ்த்து வைத்து, உள்ளே காற்றுப் புகாமலும் வெளியே புகும்படியும் சூளையை நடத்தினால் அப்படி வரும். எவ்வளவு விறகு, எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்று எவரோ எத்தனையோ சூளையை இழந்து கண்டிருக்க வேண்டும். இன்னும் சில ஓடுகளில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் ஆதன் என்றும் குவிரன் என்றும் பெயர்கள் கீறியிருக்கின்றன. எழுதத் தெரிந்தவர் தம் பெயரை விட்டுச் சென்றார். சூளை வைத்தவர் நிறத்தை விட்டுச் சென்றார்.

மலர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். ஆண்டு எண்ணோடு வருகிற இடத்தில் அனுபவம்தான் சரி, பட்டறிவை ஆண்டால் எண்ண முடியாது என்று ஓரத்தில் குறிப்பு எழுதி அனுப்பினேன். எட்டாம் பக்கத்தில், ‘35 ஆண்டுகால’ என்பதை எடுத்துவிட்டு ‘பட்டறிவு உடையவர்’ என்று மட்டும் வைக்கலாம்; அப்படி வைப்பதானால் அவர் எதில் பட்டார், எதை அறிந்தார் என்று இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்றும் கேட்டிருந்தேன். இரண்டு பக்கத்திலும் அனுபவம் என்றே அச்சாகி வந்தது. அந்த இரண்டு வரிக்கு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

விளாச்சேரியில் புறப்படும்போது ஒரு பிள்ளையார் வாங்கிக்கொண்டேன், சுட்டு வர்ணம் அடித்தது. காசு கொடுத்தபோது அந்த அம்மா பாதிதான் எடுத்துக்கொண்டார். கவிழ்த்துக் காட்டினார். அடியில் முடியளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியது.

“இதை யார் பார்த்துச் சூளையில் வைத்தது?” என்றேன், விளையாட்டாக.

“நான்தான்” என்றார். “அன்றைக்குக் கன்னத்தில் ஜுரம்.”